நெட்டையன் வீட்டுக்குத் தெரிந்த கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே ராணுவ முகாமில் சளிதான் விடமாட்டேன் என்கிறது.

என் பக்கத்துக் கட்டில் நெட்டையனுக்கு எழுத வராது. அவன் சொல்லச் சொல்ல, அவன் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுதுவேன். "நல்லா சாப்பிடறேன்னு ரெண்டு தடவை எழுதுடா, ஒரு தடவைன்னா எங்கம்மா நம்பாது" என்பான். செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குண்டு விழுந்து இறந்துவிட்டான். இருபது வயது.

அவன் வீட்டுக்குத் தெரிவிக்கும்படி அதிகாரி என்னிடமே சொல்லிவிட்டார். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் கையால் பார்த்தெழுதி, உறையிலும் நீங்களே முகவரி எழுதி அனுப்புங்கள். என் கையெழுத்தைப் பார்த்தால் மகன் கடிதம் வந்துவிட்டதென்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே பிரிப்பார்.

தபால் லாரி கிளம்புகிறது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உங்கள் மகன்