சுண்ணாம்பு அடித்த கதவு

ராஜபாளையம்
26-3-1989

அன்புள்ள இருளப்பசாமிக்கு,

பேச்சிமுத்து எழுதிக்கொள்வது. இங்கு என் இடது காலைத் தவிர எல்லோரும் சுகம். பூனாவில் உன் சுகத்துக்கு எழுதவும். போன கடிதங்களுக்கே பதில் போடாதவன் இதற்கும் போடமாட்டாய். ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

சித்திரை பிறந்ததும் சேத்தூர்ப் பக்கத்து வறண்ட கண்மாயில் மறுபடி மோதல் பந்தயம் வைக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய கார்கள்தான் வழக்கம்போல. இடித்துக்கொண்டே சுற்றி, கடைசிவரை ஓடுகிற வண்டிக்குக் கோப்பை. டிரைவர் பக்கத்துக் கதவுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அதில் மட்டும் இடிக்கக் கூடாது என்ற விதியும் அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். பூஜை போட்ட மாலை, வேப்பிலை எல்லாம் முன்பக்கத்தோடு சரி. கதவில் தொங்கினால் வண்டியை இறக்க விடமாட்டார்கள்.

அந்த விதியைக் கேட்டு வாங்கியது என் வீட்டுக்காரி சுந்தரம்மாள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று பந்தயக் கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். "எம் புருஷன் கால் முறிஞ்ச அன்னைக்கு வேப்பிலையைக் கொத்துக் கொத்தாக் கெட்டி வெள்ளைக் கதவை மறைச்சவ நாந்தான். இருளப்பண்ணன் எதைப் பாத்து ஒதுங்குவாக?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கே விதியை எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

நானும் வண்டி இறக்குகிறேன். ஸ்ரீவில்லிப்புத்தூரில் ஓய்ந்துபோன அம்பாசிடர் டாக்ஸி ஒன்று கிடைத்தது. கிளட்சை மிதிக்க இடது கால் ஒத்துழைக்கவில்லை. ஸ்கூட்டரில் இருப்பதுபோல கையால் பிடிக்கிற கிளட்ச் வைத்துத் தரும்படி செட்டியார்பட்டி மெக்கானிக் சமுத்திரத்தின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். "ஏலே, மிச்சமிருக்க காலையும் குடுக்கப் போறியா?" என்று விரட்டினான். மறுநாளும் போனேன். திட்டிக்கொண்டே வைத்துக் கொடுத்தான். முதலில் வண்டி தவளைபோல் தத்தியது. இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது.

பயம் இல்லாமல் இல்லை. பக்கவாட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு கூசுகிறது. ஆனால் நான் கரையிலேயே நின்றால், நீ வேண்டுமென்றே இடித்தாய் என்று சொன்னவர்கள் சொன்னதே நிலைத்துவிடும். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நீ சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன உன் ஹெரால்டு கார் என் ஷெட்டில்தான் நிற்கிறது. என் கதவில் மோதி நசுங்கிய முன்பக்கத்தை நானே தட்டி நிமிர்த்திவிட்டேன். பாட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று. ஓட்டுவதற்கு யார் யாரோ கேட்டார்கள். கொடுக்கவில்லை. கமிட்டியில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

அய்யனார் உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். என் கதவுக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்திருக்கிறேன். கண்மாயின் அந்தக் கரையிலிருந்தே தெரியும். அதை விட்டு எங்கே வேண்டுமானாலும் வந்து இடி. கால் பாவம் என்று மெதுவாக இடித்தாயானால், அதற்குப் பிறகு உன்னோடு பேச்சுவார்த்தை கிடையாது.

இப்படிக்கு,
உன் பேச்சிமுத்து