இரண்டு பொட்டலம், ஒரே தட்டு

1. இதை எழுதுபவன் மு. காஜா முகைதீன், வழக்கறிஞர், கிழக்குத் தாம்பரம். உங்கள் மகன் பிரசன்னாவின் வழக்கில் அவன் தரப்பில் நிற்பவன். அதற்கும் முன்பே உங்கள் எதிர்வீட்டுக்காரன், நண்பன்.

2. இதில் நானே கண்டவையும் உண்டு, பிறர் சொல்லக் கேட்டவையும் உண்டு. எது எது என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

மஸ்கட்டில் இருக்கும் அன்பு நண்பர் பக்தவச்சலம் அவர்களுக்கு,

உங்கள் துணைவி வினிதா உடல்நலத்துடன் இருக்கிறார். சர்க்கரை மாத்திரையை என் மனைவி ஹஃபீசா அருகில் நின்று விழுங்க வைக்கிறாள். உங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலை அடைத்துவிட்டோம். சென்ற வாரம் நீங்கள் தொலைபேசியில், "ரிப்போர்ட் வந்துச்சா காஜா?" என்று கேட்டபோது, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். கேட்டது. ஆய்வக அறிக்கையும் அப்போது என் மேசைமேல்தான் இருந்தது.

நீங்கள் அறிந்ததையே வரிசை கருதி மீண்டும் சொல்கிறேன். ஊரப்பாக்கத்தில் பிரசன்னா தங்கியிருந்த அறையில் காவலர்கள் சோதனையிட்டபோது இரண்டு பொட்டலங்கள் கிடைத்தன. சிறியது உடன் தங்கியிருந்த மாணவனின் அலமாரியில். அதில் இருந்தது போதைப்பொருள். பெரியது பிரசன்னாவின் பையில். அது உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய பொடி, காஃபின் கலந்தது, என்பது அவன் சொல்வது. இரண்டையும் ஒரே தட்டில் கொட்டி, எடை போட்டு, அந்தக் குவியலிலிருந்துதான் மாதிரி எடுத்தார்கள். ஏன் என்று அங்கிருந்த காவலர் ஒருவரை நீதிமன்ற வாசலில் கேட்டேன். "ரெண்டும் வெள்ளப் பவுடரு, ஒரே ரூமு. தனித்தனியா எடை போட்டுகினு இருக்க முடியுமா சார்?" என்றார். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

ஆய்வகத்தை நான் பெரிதும் நம்பினேன். பொடியைக் கரைத்து, ஆவியாக்கி, தலைமுடி அளவு மெல்லிய நீண்ட குழாய் வழியே செலுத்துவார்கள். கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் தனியே வெளிவந்து, வரைபடத்தில் ஒரு முகடாக எழும். ஆகவே, போதைப்பொருளை மட்டும் தேடாமல் கலவையில் உள்ள அனைத்தையும் குறிப்பிட வேண்டும் என்று மனுச் செய்தேன். காஃபின் முகடு எழுந்தால் பிரசன்னா சொன்னது மெய்யாகும் என்பது என் கணக்கு.

எழுந்தது. போதைப்பொருளின் முகட்டுக்குப் பக்கத்திலேயே, அதைவிட உயரமாக.

அரசுத் தரப்பு அதை வேறு விதமாகப் படித்தது. விற்பவர்கள் போதைப்பொருளில் காஃபினைக் கலந்து பெருக்குவது வழக்கமாம். ஆகவே இது விற்பனைக்கென்றே கலந்த சரக்காம். சட்டமோ கலவையின் மொத்த எடையையும் கணக்கில் கொள்கிறது. அந்த மாணவனின் பொட்டலம் தனியாக இருந்திருந்தால் ஜாமீனுக்கு வழி இருந்திருக்கும். பிரசன்னாவின் பொடி சேர்ந்ததால், விற்பனைக்கானது என்று சட்டம் வகுத்திருக்கும் வணிக அளவை எடை தாண்டிவிட்டது; அதற்குமேல் ஜாமீன் அரிது. ஜாமீன் மனு தள்ளுபடியானது. தனித்தனிப் பொட்டலங்களை ஒன்றாக்கியது முறையல்ல என்று வாதிட்டேன். அதை விசாரணையில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. சொல்வேன். விசாரணை எப்போது தொடங்கும் என்று என்னால் சொல்ல இயலாது.

பொத்தேரியில் வேதியியல் கற்பிக்கும் பேராசிரியை யூனிஸிடம் வரைபடத்தைக் காட்டினேன். மறுபடி சோதித்தால் எது எவன் பொட்டலம் என்று தெரியுமா என்று கேட்டேன். "சார், மெஷின் பொருளத்தான் பிரிக்கும், பசங்கள பிரிக்காது. தட்டுல கொட்டினப்பவே அது போச்சு," என்றார். தேநீர் கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

பொடியை விற்ற உடற்பயிற்சிக் கூடத்து மாரியையும் பார்த்தேன். "பேஜார் பண்ணாதீங்க சார். நான் ஜிம் வச்சிகினு கீறேனா, பவுடர் கடை வச்சிகினு கீறேனா?" என்றான். நான் படியிறங்கும் முன் பின்னாலேயே வந்து, "தம்பி நல்ல பையன் சார். ஆனா எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது," என்றான். சாட்சி சொல்ல வரமாட்டான்.

நேற்று சிறையில் பிரசன்னாவைக் கண்டேன். மெலிந்திருக்கிறான். "அங்கிள், காஃபின் வந்துடுச்சாமே! அப்போ நான் சொன்னது கரெக்ட்தானே? எப்போ வெளிய வருவேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விசாரணையில் அதைச் சொல்வேன் என்று மட்டும் சொன்னேன். அவனே பேச்சை மாற்றி, "அப்பா வர்றப்போ ஏர்போர்ட்டுக்கு நான்தான் கார் எடுத்துட்டு வருவேன்னு சொல்லிடுங்க," என்றான். சொன்னதைச் சொன்னபடியே உங்களிடம் சேர்த்துவிட்டேன்.

இக்கடிதத்தை வினிதாவுக்குப் படித்துக் காட்டினேன். "மாத்தி எழுதாதீங்கண்ணா, அப்படியே அனுப்புங்க," என்றார். ஹஃபீசாவும் அருகில் இருந்து கேட்டாள்.

விடுப்புக் கிடைத்தால் உடனே புறப்பட்டு வாருங்கள். இறைவன் உங்களுக்குத் தெம்பைத் தரட்டும். விமான நிலையத்தில் நான் நிற்பேன். உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: என் பின்னால் வேறு யாரையும் தேடாதீர்கள்.

இங்ஙனம்,
மு. காஜா முகைதீன்

படிக்கக் கேட்ட சாட்சிகள்:
1. ப. வினிதா
2. கா. ஹஃபீசா