எட்டாம் நம்பர்

செப். 13, சனி

காலையிலிருந்து புழுக்கம். மாடியில் போட்ட துணி சாயந்திரம் வரை காயவில்லை. நாளை மலை. ஆந்திரா எல்லைப் பக்கம், வேனில் இரண்டு மணி நேரம். எங்கள் சேக்காடு அபார்ட்மெண்ட் ஆட்கள் பதிமூன்று, என் ஆபீஸ் ஷாகிராவோடு பதினாலு.

எடுக்க வேண்டியவை: டார்ச், குளுக்கோஸ், ரெயின்கோட் (எங்கே வைத்தேன்?), புளிசாதம், அவளுக்கும் சேர்த்து.

ஷாகிரா போன். பூந்தமல்லியில் அவள் அண்ணன் இன்னும் முறைப்பாம். "நீ கூட இருக்கேன்னுதான் விட்டாரு. கவுத்துடாதடி."

செப். 14, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே மாற்றிச் சொல்லத் தோன்றும்.

கூட்டிப்போனவர் மூன்றாம் மாடி தணிகா அண்ணன். அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. அங்கே ஆஜர் எடுக்கிற மாதிரி மலையிலும் எடுப்பார். ஆளுக்கொரு நம்பர், நிற்கிற இடமெல்லாம் வரிசையாகச் சொல்லணும். நான் ஏழு, ஷாகிரா எட்டு. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எப்போதும் பின்னால். முதல் இடத்தில் நானே "ஏழு, எட்டு" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். சிரிப்பு. அண்ணனுக்குக் கோபம்.

"இன்னாமா, ப்ராக்ஸி குட்த்துகினு கீறே? இது இன்னா காலேஜா?"

அடுத்த இரண்டு இடத்தில் அவளே சொன்னாள்.

உச்சிக்கு அரை மணி இருக்கும்போது வானம் கறுத்தது. முதல் இடியிலேயே திரும்பச் சொல்லிவிட்டார். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. ஷாகிராவுக்கு முட்டி வலி, இறங்கும்போதும் கடைசி. பாதி வழியில் ஒரு பெரிய பாறைக்குக் கீழே நிறுத்தி, "நம்பர் சொல்லுங்கப்பா!" என்று அண்ணன் கத்தினார். பயத்தில் என் வாய் தானாக, "ஏழு! எட்டு!" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால்தானே வருவாள். பதினாலு வந்தது. இறங்கினோம்.

வேனில்தான் தெரிந்தது, அவள் இல்லை.

அண்ணனும் அடிவாரத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் அந்த மழையிலேயே மறுபடி ஏறினார்கள். மூன்று மணி நேரம். போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். வழுக்கிப் பாறை இடுக்கில் விழுந்திருக்கிறாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள்.

செப். 15, திங்கள்

வெயில். லீவு. நசரத்பேட்டை பக்கம் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். பார்க்க விடவில்லை.

வராந்தாவில் அவள் அண்ணன் தணிகா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "பொம்பளப்புள்ளைய மலைல விட்டுட்டு எறங்கியிருக்கீங்களே, எண்ணத் தெரியாதாய்யா உங்களுக்கு?"

"எண்ணினேன் பாய். பதினாலு வந்திச்சு. அப்பால வியுந்துட்டா போல."

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எண்ணும்போது இருந்தாள், பிறகு விழுந்தாள், அவளுக்குப் பின்னால் கடைசி ஆளாக வராதது தணிகா அண்ணன் தப்பு. நான் பக்கத்திலேயே, ஆரஞ்சுப் பையோடு. வாயே திறக்கவில்லை. சீ. என்ன பிறவி நான்.

செப். 16, செவ்வாய்

தூறல். ஆபீஸ் போனேன், ஒரு வேலையும் ஓடவில்லை. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. அபார்ட்மெண்ட் குரூப்பில் தணிகா அண்ணனைக் கிழிக்கிறார்கள். "பொறுப்பில்லாத ஆளு." "இனிமே இவரோட யாரும் போகாதீங்க." முந்தாநாள் அவர் கொடுத்த துண்டில் தலை துவட்டியவர்கள்தான்.

லிஃப்டில் அவர் மனைவி. "ரெண்டு நாளா சரியா சாப்டலமா இவுரு."

அதற்கு மேல் முடியவில்லை. ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எட்டு என்று சொன்னது நான்தான் என்று. அழுகை வேறு. அவர் டிவியை அணைத்தார்.

"கொரலு உன்துன்னு டவுட்டு இருந்திச்சு. நானும் தலைய எண்ணல, நம்பரதானே எண்ணினேன்."

"குரூப்ல போட்டுடட்டுமாண்ணே?"

"போடு. ஆனா மொதல்ல அந்தப் பொண்ணாண்ட சொல்லு."

செப். 17, புதன்

மேகமூட்டம், மழையில்லை. நாலு மணிக்குப் பார்வை நேரம். அவள் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். நல்லவேளை.

காலுக்கடியில் இரண்டு தலையணை. முகம் சின்னதாகிவிட்டது. உட்காரவே இல்லை, நின்றபடியே சொன்னேன். அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"நீ எட்டுன்னு கத்தினது. அதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன். அந்தப் பாறைக்கு மேல் பக்கம்தான் கெடந்தேன். பத்தடிகூட இருக்காது."

"அப்ப ஏன்டி கத்தல?"

"எனக்குப் பதிலா நீ சொன்னியா, நான் விழுந்தத நீ பாத்துட்டேன்னு நெனச்சேன். நீ இதோ தூக்க வந்துருவேன்னு சும்மா இருந்துட்டேன்."