பாலத்தில் காவல் இரண்டு பேர்

மச்சாள்,

நேற்று ரூஜ் பக்கம் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய தொலைக்காட்சியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, இந்த வியூவை ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிட்டாள். மலையுச்சி, கீழே ஆறு, ஆற்றின் மேல் கல் பாலம், தூரத்தில் ஒரு கோட்டை. பட்டன் ஒன்றை அழுத்தி அதைப் படமாக எடுத்துக்கொண்டாள். "ஆருக்கும் அனுப்பப் போறியோ?" என்று கேட்டேன். "ஃபிரண்ட்ஸுக்குத்தான். ஏன், என்ன?" என்றாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, படத்தில் எங்கேயாவது எழுத்து இருக்கிறதோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். விளையாட்டுப் படத்துக்குப் பயப்படுகிற கிழவி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொண்ணூற்றாறு மாரிக் குளிரில் நீ ரொறன்ரோவில் எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தாய். ஒரே வகுப்பில் படித்து, கையெழுத்துக்கூட ஒன்றுபோலாகி, பிறகு உன் அண்ணனையே நான் கட்டியதால் மச்சாள் ஆனவள் நீ. உன் மனுசன் கொழும்பில் ஒரு லொட்ஜில் கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். உன் அண்ணன் வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவர் தந்த பழைய கொம்பியூட்டரோடு, பெட்டி கலையாமல் ஒரு விளையாட்டும் வந்தது. வாளும் மந்திரமுமாக ஒரு பெரிய உலகம். எந்தத் திசையிலும் நடக்கலாம், முடிவே இல்லை.

எல்லாரும் அதில் பூதங்களை வெட்டுவார்கள். நீ வெட்டவில்லை. இடுப்பில் வாளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்தாய். எதிரே ஏதாவது அசைந்தால் ஓடிவிடுவாய். "சண்டையெல்லாம் பாத்திட்டுத்தானேடி வந்தனான்" என்பாய். நகர வாசலில் காவற்காரன் கிட்டே வந்தால் மட்டும் இரண்டு கையையும் விசைப்பலகையில் இருந்து மேலே தூக்கிவிடுவாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவன் கடந்து போனதும் நீயும் சிரிப்பாய். "பாத்தியே, அடையாள அட்டை கேக்கேல்லை!"

அழகான இடம் வந்தால் நின்று ஒரு கீயை அமத்திப் படமாகச் சேமிப்பாய். குளத்தில் விழுந்த மாலை வெயில், பனி மூடிய கோபுரம், ஆளில்லாத கடற்கரை. அப்படி நூறு படமாவது இருந்திருக்கும்.

பங்குனி மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நீ இருக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தார். யன்னலுக்கு வெளியே கார் பார்க்கும் ஊத்தை ஸ்னோவும்தான் இருந்தன. "இதை அனுப்பி என்ன செய்ய? நான் நடக்கிற இடத்தை அனுப்புறன். அவரும் என்னோட நடக்கட்டும்" என்றாய். ஐந்து படங்களைத் தெரிந்தெடுத்தாய். நான் வேலை செய்த போட்டோகொப்பிக் கடையில் கலரில் அச்செடுத்து வந்தேன்.

இந்த இடத்தில்தான் என் குணம் குறுக்கே வந்தது. தூள் போத்தலில்கூடப் பெயர் எழுதி ஒட்டுகிறவள் நான். பெயரில்லாமல் ஐந்து படத்தை எப்படி அனுப்புவது? "எழுதாதை மச்சாள், படம் மட்டும் காணும்" என்றாய். நீ குளிக்கப் போன நேரம் ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதி, கடித உறையையும் ஒட்டிவிட்டேன். ஒன்று: பாலம், காவல் இரண்டு பேர். இரண்டு: கோட்டை, முன்வாசல் ஆபத்து. மூன்று: கோட்டையின் பின்பக்கம், மதில் பதிவு, உயரமில்லை, ஏறலாம். நான்கு: இந்த மேட்டில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். ஐந்து: குளக்கரை, இங்கே சந்திப்போம்.

ஊரில் ஆமியின் சோதனைச் சாவடி தாண்ட முதல் பள்ளிக்கூட வரைபடத்தையே கிழித்து எரித்தவர்கள் நாங்கள். டயரியில் ஒரு கோடு கிடந்தாலும் அந்தப் பக்கத்தை அடுப்பில் போடுவோம். ரொறன்ரோவுக்கு வந்து மூன்றே வருடத்தில் எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த கையோடு கொழும்பிலிருந்து லொட்ஜ்காரர் உனக்கு ரெலிபோன் எடுத்தார். "தங்கச்சி, காலமை பொலிஸ் செக்கிங் வந்தவங்கள். உங்கட ஆளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். கட்டிலுக்குக் கீழ ஏதோ கோட்டைப் படங்கள் எழுத்தோட கிடந்ததாம், தாக்குதல் பிளான் எண்டு சொல்லுறாங்கள்."

உன் அண்ணன் உன் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக் கேட்டு, வைத்துவிட்டுத் திரும்பினார். "ஆர் எழுதினது?" நான் அப்போது ஆறு மாதம். நீ என் வயிற்றைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்தாய். "நான்தான் அண்ணா" என்றாய். அவர் உன்னைப் பேசிய பேச்சை இங்கே எழுதமாட்டேன். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பதினொரு நாள். ரெலிபோன் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். நீ சாப்பிடவில்லை. நான் இரண்டு பேருக்காகச் சாப்பிடவேண்டும் என்று ஊட்டிவிட்டாய். உன் கையால் வாங்கிச் சாப்பிட்டேனே, எனக்கு எப்படித் தொண்டைக்குள் இறங்கியது? கொழும்பில் நாங்கள் பிடித்த வக்கீல், அது விளையாட்டு என்று காட்ட ஏதாவது வேண்டும் என்றார். நீ பெட்டி, புத்தகம், சிடி எல்லாவற்றையும் எடுத்துப் பொதி செய்தாய். "சிடியை வைச்சிரன், பெட்டி போதுமே" என்றேன். "அவங்கள் போட்டுப் பாக்கட்டும். பாத்தால் விட்டிடுவாங்கள்" என்றாய். விட்டுவிட்டார்கள். பொதி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நீ அந்தக் கொம்பியூட்டர் முன்னால் இருந்ததே இல்லை.

அடுத்த வருடம் உன் மனுசன் வந்தார். இடது காது கேட்பது குறைந்திருந்தது. அதன் பிறகு எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் ஒரு பகிடி: "இவளின்ர கேமாலதான் நான் பதினொரு நாள் உள்ளுக்கை இருந்தனான்." எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நான் எழுந்து கோப்பை கழுவப் போவேன். தனியே இருந்த ஒரு நாள் "அவருக்குச் சொல்லட்டோ?" என்று உன்னைக் கேட்டேன். "உனக்கென்ன விசரே? ஆறின சோறு, விடு" என்றாய். ஆறவில்லை என்பது உன் முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன கிழமை உன் அந்தியேட்டி, நீ போய் முப்பத்தோராம் நாள். சாப்பாட்டுப் பந்தியில் அவர் அழுதுகொண்டே அதே பகிடியைத் தொடங்கினார். சோற்றில் கை வைத்தபடி நான் சொன்னேன்: "தம்பி, அதை எழுதினது அவள் இல்லை. நான்."

உன் அண்ணன் தலை நிமிரவில்லை. உன் மனுசன் கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, "என்ன சொல்லுறியள் அக்கா?" என்றார். திரும்பவும் சொன்னேன். ஐந்து வரியையும் சொன்னேன். கையில் இருந்த சோற்றை இலையில் வைத்தார். பிறகு எட்டி என் தோளைத் தொட்டார். "பிள்ளைத்தாச்சியா இருந்தனீங்கள். பயந்திருப்பியள். நான் மன்னிச்சிட்டன் அக்கா, சாப்பிடுங்கோ."

அந்தச் சொல் எனக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது, மச்சாள். செய்யாத குற்றத்தோடு நீ இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தாய். உனக்கு அதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.