சைபரில் நிற்கும் விளக்கு

ஐப்பசி 4, செவ்வாய்

சிட்டு, காலையிலேயே தூறல். துணி காயவில்லை. உன் நீலச் சட்டையையும் சேர்த்துத் துவைத்துவிட்டேன். யாரும் போடாத சட்டை அழுக்காகுமா? கைப்பழக்கம்.

பால்கார அண்ணன் வந்தார். முழங்கை எல்லாம் சிராய்ப்பு. கேன் நசுங்கி இருந்தது.

"தங்கச்சி, இன்னைக்குக் கொஞ்சம்தான் பாலு. மீதிய வாய்க்கா குடிச்சிடுச்சு."

என்ன ஆச்சு என்றேன்.

"உங்க வூட்டுக்காரரு லாரிதான். விடியிறதுக்கு முன்னாடி சுண்ணாம்புக்கல்லு லோடோட எதிர்ல வராரு. லைட்டு நேரா கண்ணுக்குள்ள. ரோடு எது, வாய்க்கா எதுன்னு ஒண்ணும் புரியல. கருட சேவையில பெருமாளுகூட இம்புட்டு வெளிச்சத்துல வரமாட்டாரு போ."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ விழுந்ததும் அப்படித்தான். பெரம்பலூர் கடையிலிருந்து பைக்கில் திரும்பும்போது, எதிரே ஏதோ ஒரு லோடு வண்டி. யாருடையதோ. நிற்காமலே போய்விட்டது.

வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி, அவருக்கு இருமல் மாத்திரை.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். நேற்றிலிருந்து அந்த லைட் நினைப்புதான்.

உன் அப்பா லாரிக்கு அந்த லைட்டைப் போட்டது நீ. கடையில் உன் வேலையே அதுதான். உள்ளே உருண்டைக் கண்ணாடி, லென்ஸ் என்பாய். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு சக்கரம். சைபர், ஒன்று, இரண்டு, மூன்று; நடுவில் நிற்காது. அதைத் திருப்பினால் முன்னால் லென்ஸ் தலை குனியும்.

எனக்குப் புரியவில்லை என்றதும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். பூரிக்கட்டையின் மேல் முறம். முறத்தில் டார்ச்.

"இதாம்மா லாரி. இப்ப லோடு ஏத்துறேன் பாரு."

முறத்தின் பின்பக்கம் வெங்காயத்தைக் கொட்டினாய். முன்பக்கம் தூக்கிக்கொண்டது. சுவரில் கீழே இருந்த வெளிச்சம் ஏறி என் மூஞ்சியில்.

"கூசுதா? அதான் லோடு வண்டி. இப்ப சக்கரத்தத் திருப்பணும். நம்பரு ஏறுனா வெளிச்சம் எறங்கும்."

"இது என்னடா தலகீழ் கணக்கு?"

"ஒன் சமையல விடவா?"

வெறும் வண்டிக்கு சைபரில் வைத்துவிட்டு வந்தாய். அடுத்த வாரம் லோடோடு நிறுத்திப் பார்த்து எந்த நம்பர் என்று சொல்கிறேன் என்றாய். அந்த வாரம் உனக்கு வரவில்லை.

உன் கருமாதி அன்று அப்பா அந்தச் சக்கரத்தின் மேல் சந்தனம் அப்பினார். காய்ந்து இறுகிவிட்டது. யாரும் தொடுவதில்லை.

இன்று சாப்பிடும்போது சொன்னேன். "பால்கார அண்ணன் வாய்க்கால்ல வுழுந்துட்டாராம். அந்தச் சக்கரத்த..."

"அத மட்டும் பேசாத."

"லோடு ஏத்துனா திருப்பணும்னு அவன்தாங்க சொன்னான்."

"புள்ள கை கடைசியா பட்ட எடம் அது. அவன் வச்சது அப்படியே இருக்கட்டும். எனக்கு வேற என்னா இருக்கு?"

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். கோபப்படவும் முடியவில்லை. உன் செருப்பை நானும் இன்னும் நகர்த்தவில்லை. சுற்றிச் சுற்றித்தான் பெருக்குகிறேன்.

ஐப்பசி 7, வெள்ளி

நல்ல வெயில். பெரம்பலூர் போனேன், உன் கடைக்கு. அவரிடம் சொல்லவில்லை. மாத்திரை வாங்கப் போனதாக இருக்கட்டும்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு டிரைவர்கள்.

"லைட்டு நடுவுல கருப்புப் பொட்டு எதுக்குண்ணே ஒட்டிருக்க?"

"எதிர வர்றவனுக்குக் கூசாம இருக்க."

"கூசலியா?"

"போலீசுக்குக் கூசல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடை முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். எந்த நம்பர் என்று கேட்டேன்.

"வண்டியப் பாக்காம எப்படிம்மா சொல்றது? ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி உக்காரும். லோடோட நிறுத்தி, எதிர்ல ஒரு ஆள நிக்க வச்சுப் பாருங்க. இடுப்புக்கு மேல ஏறக்கூடாது. ரொம்ப எறக்கிட்டா ஓட்டுறவருக்கு ரோடு தெரியாது. அதுவும் ஆபத்து." கையைத் துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் அவன் கண்ணால பாத்தே சொல்லிடுவான்" என்றார்.

டீ வாங்கித் தந்தார். குடிக்கவில்லை.

ஐப்பசி 8, சனி

மதியம் இடி. சிமெண்ட் பேக்டரி வாசலில் வண்டி வரிசையாம், இன்று இறக்க முடியாதாம். அப்பா லோடோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பொழுது சாய, பெருமாள் கோயிலுக்குப் போனார். பால்கார அண்ணனைக் கூப்பிட்டு லாரிக்கு எதிரே நிற்கச் சொன்னேன்.

"ஒரு தடவ தள்ளிவுட்டது பத்தலியா தங்கச்சி?" என்றார். ஆனாலும் நின்றார்.

டிரைவர் சீட்டில் ஏறி லைட் போட்டேன். இரண்டு கையாலும் மூஞ்சியை மூடிக்கொண்டார். சக்கரம் இறுகி இருந்தது. அழுத்தித் திருப்பினேன். சந்தனம் வெடித்து மடியில் உதிர்ந்தது. ஒன்றில் வெளிச்சம் அவர் கழுத்துவரை. இரண்டில் நெஞ்சு. மூன்றில் முட்டி.

அப்பா வந்துவிட்டார். என் மடியைப் பார்த்தார். அண்ணனை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார்.

"பழைய எடத்துக்கே திருப்பு."

சைபருக்குத் திருப்பினேன். வெளிச்சம் ஏறி அவர் முகத்தில் அடித்தது. கையைத் தூக்கவில்லை. கண்ணை மூடவில்லை. தண்ணீர் வழிய வழிய நின்றார்.

"இப்படித்தான் இருந்துருக்குமா அவனுக்கு?"



"எறக்கு" என்றார். ஒவ்வொரு நம்பராக மூன்றுவரை இறக்கிக் காட்டினேன்.

எதில் வைக்க என்று கேட்டேன்.

"ரெண்டுன்னா எதிர வர்றவனுக்குக் கூசும். மூணுன்னா எனக்குப் பள்ளம் தெரியாது. அவன் என்னா சொன்னான்?"

உதிர்ந்த சந்தனத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். விடியும் முன் லோடோடு கிளம்புகிறார். பால்கார அண்ணன் எதிரே வருவார்.

இரண்டா சிட்டு, மூன்றா?