அண்ணனுக்கு மௌனம் வேண்டாம்

மார்ச் 4

அண்ணன் மகளுக்கு, அத்தை எழுதுவது.

என் அண்ணனின் நினைவுக் கூட்டத்தில், அத்தனை பேர் பார்க்க, நீ என்னை அதட்டினாய். இதுதான் நீ செய்த தப்பு. அதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். சுகமா?

பேருந்து தாமதம். நான் உள்ளே நுழைந்தபோது எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். எதிரே அண்ணன் படம். பழக்க தோஷம், வாசலிலேயே காலை ஓங்கி இரண்டு மிதி மிதித்தேன். போரில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்துவிட்டு வந்த மனிதர். தரை அதிர்ந்தால்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்புவார். அவர் வீட்டுக்குள் நாமெல்லாரும் அப்படித்தானே நுழைவோம்? பேக்கரிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நீயோ, "அத்தை, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா!" என்றாய். நான் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

மௌன அஞ்சலியாம்! உன் அப்பா தூக்கத்தில்கூட அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்ததில்லை.

சுவரில் மாட்டியிருந்ததும் சீருடைப் படம். போரில் இருந்தது மூன்று வருஷம். மிச்ச ஆயுசு முழுக்கத் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்த்தாரே, அதற்கு ஒரு படம் இல்லையா? நினைவுக் கல் நடுவதற்கு அழைத்திருக்கிறாய். வர மாட்டேன்.

கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
அத்தை


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து இவர் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் சுகமில்லை.

அதட்டியது தப்பு. ஆனால் அத்தை, நீங்கள் மிதித்ததும் நான் சட்டென்று அப்பா படத்தைப் பார்த்தேன். திரும்பிவிடுவார் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். திரும்பவில்லை. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? நீங்கள் அகப்பட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். அஞ்சலிக்கு வந்திருந்த ராணுவ அதிகாரி, "அந்த அம்மா ஏன் மிதிச்சாங்க?" என்று கேட்டார். பேக்கரிக்காரர் எழுந்து விளக்கினார். அப்படியே, விடிகாலையில் தன் பேக்கரித் தண்ணீர்ப் பம்பு நின்றுபோன கதைக்குப் போய்விட்டார். அப்பா ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்து, மறுமுனையைப் பம்பில் வைத்து, காதுக்குப் பதில் பல்லாலேயே அதிர்வைக் கேட்டு, "உயிர் இருக்குய்யா! அழாதே!" என்று போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துகொண்டதாம். கெட்ட வார்த்தைகளை நீக்கி எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை, ஆளுக்கொரு கதை. மண்டபக்காரர் விளக்கை அணைத்துத்தான் எங்களை வெளியே அனுப்பினார்.

கல்லில் படைப்பிரிவின் பெயரை வெட்டியாயிற்று. கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நீங்கள் வராமல் கல்லை நட மாட்டேன்.

உங்கள் அன்பு,
அண்ணன் மகள்


மார்ச் 17

என் தங்கத்துக்கு,

நீ படத்தைப் பார்த்து நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

உனக்கு ஒன்று சொன்னதில்லை. போர்முனையிலிருந்து அண்ணன் எழுதும் கடிதங்களைத் தபால்காரர்தான் எனக்குப் படித்துச் சொல்வார். பக்கம் நிறைய எழுத்து இருக்கும். தபால்காரரோ "நலம், நலம்" என்று முடித்துவிடுவார். ஏதோ பயங்கரத்தை மறைக்கிறார் என்று பயந்துபோய், விளம்பரப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானே எழுத்துக் கற்றுக்கொண்டேன். எடுத்துப் படித்தால், அத்தனையும் முகாமில் கிடந்த ஒரு ஓட்டைப் பம்பைப் பிரித்து மாட்டிய கதை! குண்டு விழுந்தது ஒரு வரி, வாஷர் கிடைக்காதது ஒன்றரைப் பக்கம். அன்றைக்குச் சிரித்தது மாதிரி நான் என் கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை.

ஆகவே, ஆக வேண்டியவை. கல் வெட்டுபவர் கீழ்வரியில் 'பம்பு மெக்கானிக்' என்று வெட்ட வேண்டும். மேல்வரியைவிட எழுத்து சின்னதாக இருந்தால் வேறு கல் பார்க்க வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லி வை. அதிகாரி தாராளமாக வரலாம். மௌனம் கேட்கக் கூடாது. பேக்கரிக்காரர் அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும், எதையும் நீக்காமல். உன் புருஷன் வண்டி எடுத்துக்கொண்டு காலையிலேயே இங்கே வர வேண்டும். நீயும் கூட வர வேண்டும். முன் சீட்டில் உட்காராதே. பின்னால், என் பக்கத்தில் உட்கார்.

அத்தை