உட்கார்ந்து பார்க்கிற வேலை

என் உயிர் மும்தாஜுக்கு,

முதலில் ஒரு சண்டை. இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்க்கு இப்போது நான் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ பாட்டுக்குக் காய்ச்சல் என்று படுத்தாய், பத்தே நாளில் போய்ச் சேர்ந்தாய். ஒன்றரை வருஷம் ஆகிறது. நம் ஒத்தக்கடை சப்-ஸ்டேஷனில், என் மேஜைக்கு எதிரே உன் நாற்காலியில் வேறொரு இன்ஜினியர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பேரையூர் பேச்சியம்மாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவோமே, அப்போது டிரான்ஸ்பார்மர் ஏன் உறுமுகிறது என்று கேட்டவள். எலெக்ட்ரிக்கல்தான் படிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, அவளுடைய அப்பா தங்கப்பாண்டியிடம் நாம் என்ன சொன்னோம்? "உக்காந்து பாக்குற வேலைண்ணே. ஏசி ரூமு, கம்ப்யூட்டரு. வெயிலே படாது." நீ சொன்னாய், நான் தலையாட்டினேன்.

எத்தனை அப்பாக்களிடம் இதையே சொல்லியிருப்போம்! வேறு எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். அதற்காகப் பொய் சரியாகிவிடுமா? நீயே சொல்.

பேச்சி படித்து முடித்து, ராமநாதபுரம் பக்கம் ஒரு சோலார் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மாதம் கூட ஆகவில்லை. போன வாரம், உடன் வேலை பார்ப்பவர் யாரோ எடுத்த படத்தை வாட்ஸப்பில் வைத்திருக்கிறாள். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், இரும்புச் சட்டத்தின் மேல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தங்கப்பாண்டி அண்ணன் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் மகளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். திங்கட்கிழமை காலைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பேரையூருக்கு ஓடினேன். அண்ணன் முதலில் தண்ணீர் கொடுத்தார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். கோபமாக இருப்பவர் மரியாதை குறையாமல் இருந்தால் நமக்கு இன்னும் கூசுகிறது.

"ஒங்க ரெண்டு பேரையும் எம்புட்டு நம்புனேன் மேடம்? அந்த ஒசரத்துல ஏறி நிக்குது எம்புள்ள. கீழ அம்புட்டும் ஆம்பளைங்க. இதா உக்காந்து பாக்குற வேலை?"

கதவோரம் நின்ற பேச்சி அழவில்லை. முறைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அல்ல, என்னை. "நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல மேடம்? நான் அன்னைக்கே இவர்கிட்ட சண்ட போட்டு ஜெயிச்சிருப்பேன். இப்ப நானும் சேந்து ஏமாத்துனேன்னு நெனைக்கிறாரு."

அண்ணன் உன்னைப் பற்றிக் கேட்டார். "அந்த மும்தாஜ் மேடமும் இப்படித்தான் ஏறுனாங்களா?"

"ஆமாண்ணே."

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். "பெத்தவளுக்கே சொல்லலையா? அப்ப நான் எம்மாத்திரம்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே கோரிப்பாளையம், உன் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ பேண்ட்டும் சட்டையும் ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்ததை, சாயங்காலம் சுடிதாருக்கு மாறி வீட்டுக்கு வந்ததை. லைன் கிளியர் என்று கையெழுத்துப் போட்டால், அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதற்கு நீதான் பொறுப்பு. அதனால் லைன்மேனை மட்டும் ஏற்றிவிட்டுக் கீழே நிற்க உனக்கு மனசு வராமல், நீயும் டிரான்ஸ்பார்மர் மேடையில் ஏறி நின்றதை.

எல்லாம் முன்பே தெரியும் என்று அம்மா சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

"அவ மௌத்தான அன்னைக்கு அத்தன ஆம்பளைங்க வாசல்ல நின்னு அழுதாங்க. ஆபீஸ்ல டீ வாங்கிட்டு வர்றவங்கன்னு நெனச்சேன் புள்ள. என் மகள எனக்கே காட்டாம வெச்சுட்டீங்களே ரெண்டு பேரும்."

மும்தாஜ், இதற்கு நான் என்ன சொல்ல? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரையூர் நம்பரைப் போடச் சொன்னார். "தம்பி, நான் மும்தாஜோட அம்மா பேசுறேன். எம்மக வேல பாத்தத நான் ஒரு நா கூடப் பாக்கல. இனிமே பாக்கவும் முடியாது. ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல, ஒரு நா நின்னு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க."

அந்தப் பக்கம் அண்ணன் மகளிடம், காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பிறகு, "சரிம்மா. கூட்டிட்டுப் போறேன். புடிக்கலேன்னா அப்பவே திருப்பிக் கூட்டியாந்துருவேன்" என்றார்.

இன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே ஃபைலை மூன்று தடவை திறந்து மூடினேன். நாலு மணிக்கு அண்ணன் போன் செய்தார்.

"மேடம், என்னா வெயிலு! பாவம்தான் புள்ள. ஆனா ஒண்ணு, எம்மக சரின்னு சொல்லாம ஒருத்தன் சுவிட்சத் தொட மாட்டேங்கிறான். எங்கிட்ட கூட வந்து, தள்ளி நில்லுப்பான்னு அதட்டுது. விட்டுட்டு வாரேன். ஆனா ஒங்க மேல கோவம் கோவந்தான்."

இருக்கட்டும். இனி எந்த அப்பாவையும் முதலில் வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிப் போவேன், பிறகுதான் பேச்சு. இது பேச்சிக்கு நான் தரும் வாக்கு.

உனக்கு ஒரு வாக்கு தனியாக. வெள்ளிக்கிழமை நம் பக்கம் பராமரிப்புக்காக மின்தடை. உன் அம்மாவைக் கூட்டி வருகிறேன். எனக்கு உயரம் என்றால் உதறும், உனக்குத் தெரியும். நீ ஏறிய போதெல்லாம் கீழே நின்றவள் நான். அன்றைக்கு அந்த டிரான்ஸ்பார்மர் மேடையில் நான் ஏறுவேன். நீ எப்படி நின்றாய் என்று அம்மா ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

உன் அம்மாவிடம் இப்போது உனக்கும் சேர்த்துத் திட்டு வாங்கும் மகள்,
கலா